கீழ் அடுக்கின் குரல்

ஆடி 3, வெள்ளி

என் பெயர் அடைக்கன். செம்பாறைக்களம் கல்குவாரியில் வெடி வைத்தவன். எழுதப் படிக்கத் தெரியாது. நான் வாயால் சொல்கிறேன், கம்ப்யூட்டர் பெட்டி கேட்டு எழுதிக்கொள்கிறது. ஊர்ப்பேச்சு அதற்குச் சரியாக ஏறவில்லை, புத்தகத் தமிழ்தான் நன்றாகப் பிடிக்கிறதாம். வாலிபத்திலிருந்து வானொலிச் செய்தி கேட்டவன் நான். அதே மாதிரி பேசிக் காட்டினேன். ரெஜினா சிரித்துவிட்டாள்.

ரெஜினா இந்த வீட்டுக்காரி, கம்ப்யூட்டர் வேலை. எங்கள் ஊரில் நடந்த சாவுகளைக் கண்ணால் கண்டவர்களின் குரலையெல்லாம் மூன்று வருடமாகப் பிடித்து வைத்திருப்பவள் இவள்தான். இந்த ஆடி 27 அன்று விசாரணை ஆணையத்தின் முன்னால் அந்தக் குரல்களைப் போட்டுக் காட்ட வேண்டும். நானும் போய்ச் சாட்சி சொல்ல வேண்டும். அதுவரை ஊரில் இருந்தால் உயிர் தங்காது என்று வக்கீல் திரவியம் என்னை இங்கே டவுனில் கொண்டுவந்து விட்டார்.

எனக்கு இங்கே ஒரே வேலை. தினமும் பெட்டியிடம் பேச வேண்டும்.

"என்னத்த ஆத்தா பேச?"

"சாப்பிட்டது, தூங்குனது, எது வேணாலும். பெட்டி அதைப் பத்திரமா வச்சுக்குதான்னு பாக்கணும். செத்தவங்க குரலை நம்பி ஏத்துறதுக்கு முன்னாடி உங்க குரலை ஏத்திப் பாக்குறேன்."

"அப்ப என் குரலு போனாப் போவுது."

"போனா திரும்பப் பேசுவீங்கல்ல. அவங்க பேசுவாங்களா?"

பின்னறையில்தான் பெட்டியும் இருக்கிறது, என் பாயும் இருக்கிறது. என் மஞ்சப்பையை அடுப்பங்கரைப் பக்கத்து ஆணியில் மாட்டப் போனாள். வேண்டாம் என்று வாங்கி, எதிர்ச் சுவர் ஆணியில் நானே மாட்டினேன். உள்ளே வெற்றிலையும் மாற்று வேட்டியும் என்று சொன்னேன். பீடி பிடிக்கத் தெருவுக்குத்தான் போகிறேன்.

ஆடி 4, சனி

பெட்டிக்குள் என்ன வேலை நடக்கிறது என்று கேட்டேன். சொன்னாள்.

குரல்கள் மூன்று வட்டுகளில் இருக்கின்றன. அதுதான் கீழ் அடுக்கு. அதைப் பூட்டிவிட்டாள். கேட்கலாம், கை வைக்க முடியாது. அதன்மேல் இன்னொரு அடுக்கு. பெயர் எழுதுவது, காற்றுச் சத்தத்தை எடுப்பது, பேசியதை எழுத்தாக்குவது எல்லாம் அந்த மேல் அடுக்கில்தான் விழும். மேலிருந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒன்றாகத் தெரியும். ஒன்றை அழி என்றால் மேலே அந்த இடத்தில் ஒரு கறுப்புச் சீட்டு ஒட்டிக்கொள்ளும். கீழே இருப்பது அப்படியே இருக்கும்.

"மூலத்துல கை வச்சா எதிர் வக்கீல் திருத்திட்டாங்கம்பாரு. கை வைக்காம வேலையும் ஓடாது. அதுக்குத்தான் இந்த அடுக்கு முறை."

"அப்புறம் என்ன, ஏத்திவிட வேண்டியதுதான?"

"இது புதுசுய்யா. செஞ்சவங்களே எழுதியிருக்காங்க, சோதனைக்கு மட்டும், முக்கியமானதை இதை நம்பி வைக்காதேன்னு. பழைய முறை மூணு வட்டையும் ஒண்ணாக் காட்ட மாட்டேங்குது. இது காட்டுது. ஆனா நிக்குமான்னு தெரியல."

புது வெடிமருந்து வந்தால் நாங்களும் அப்படித்தான். முதல் குழியை ஊருக்கு எதிர்ப்பக்கம் போட்டுப் பார்ப்போம்.

ஆடி 6, திங்கள்

காலை உப்புமா. மதியம் கத்தரிக்காய்க் குழம்பு. அன்றைக்கு நடந்ததைப் பேச முடியுமா என்று ரெஜினா கேட்டாள். எனக்கு மறந்தால்தானே.

குவாரியில் வெடி போடுவதற்கு முன் மூன்று தரம் விசில் ஊதுவோம். விசில் கேட்டுவிட்டால் எங்கள் ஊரில் கைக்குழந்தைக்காரிகூட யோசிக்க மாட்டாள். நிற்கிற லாரிக்குப் பின்னால் ஓடிக் குந்திவிடுவாள், இரண்டு கையும் தலைமேல். கல் பறந்து விழுகிற ஊர் அது. லாரிதான் எங்களுக்கு மலை. நடக்கத் தெரிந்த பிள்ளைக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான். என் மகள் பூவாத்தாளுக்கு நான் சொல்லிக்கொடுத்தேன்.

கல் விழுந்து பால்வாடிக் கூரை உடைந்து ஒரு பிள்ளை செத்தது. மறுநாள் ஊர் மொத்தமும் குவாரிப் பாதையில் உட்கார்ந்துவிட்டது. எதிரே டிப்பர் லாரி, முதுகை எங்கள் பக்கம் காட்டி நின்றது. முதலாளி தனபால் இறங்கி வந்தான். விசிலை எடுத்தான். மூன்று தரம் ஊதினான்.

ஒரு கூட்டமே எழுந்து ஓடி டிப்பருக்குப் பின்னால் குந்தியது.

அன்றைக்கு ஒரு குழிகூடப் போடவில்லை. போடுகிறவன் நான். நான் வேலைக்குப் போகாமல் தள்ளிப் பனையடியில் நின்றேன். "வெடி இல்ல, எந்திரிங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். விசில் கேட்ட காதில் மனிதக் குரல் ஏறாது. டிப்பர் பின்னால் வந்தது. வந்து, ஏறி, முன்னால் போய், திரும்பவும் பின்னால் வந்தது. கட்டுக் கட்டாகச் சோளத்தட்டை முறிகிற மாதிரி சத்தம். ஒதுங்கி ஓடியவர்களைக் கடப்பாரை வைத்திருந்த முதலாளியின் ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் தெருக் கருப்பாயியின் புருசனுக்கு முதல் அடி முழங்காலில், இரண்டாவது வாயில்.

பதினொரு பேர். பூவாத்தாளின் கை கடைசிவரை தலையைப் பிடித்த மாதிரியே மடங்கி இருந்தது. பிடிக்கத் தலை இல்லை.

வெடி போட்டார்கள், டிரைவர் மிரண்டான், விபத்து. இதுதான் முதலாளி கட்சி. விசில் கேட்டது, வெடி கேட்கவில்லை. இது எங்கள் கட்சி. அதைக் குரலில் சொன்ன கருப்பாயி பிறகு குவாரிப் பள்ளத்துத் தண்ணீரில் மிதந்தாள். அதையே சொன்ன சூசையைச் சைக்கிளோடு ஒரு லாரி அரைத்தது. இனி அவர்கள் பெட்டியில்தான் பேச முடியும்.

ஆடி 7, செவ்வாய்

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ரெஜினா கரண்டைப் பிடுங்கினாள். திரும்பப் போட்டால் என் பேச்சு பாதியோடு இருந்தது, பழுதில்லை. "நல்லாத்தான் நிக்குது" என்றாள். மூன்று வட்டையும் கீழே சேர்த்துவிட்டாள். என் பேச்சையும் வாரத்துக்கு ஒரு தரம் கீழ் அடுக்கில் இறக்கிப் பூட்டுவாளாம்.

பின்னறையில் இருந்தால் தலை வலிக்கிறது என்கிறாள். புழுக்கம் என்றேன்.

ஆடி 10, வெள்ளி

எந்தக் குரல் யாருடையது என்று கேட்டுப் பெயர் சொன்னேன். கருப்பாயி பேசும்போது இடையில் ஒரு கோழி கத்துகிறது. அந்தக் கோழியைக்கூட எனக்குத் தெரியும்.

என் பழைய சாட்சி வந்தது. சாவு நடந்த அதே வாரம் பேசியது. போட வேண்டாம் என்றேன்.

"ஏன்யா?"

"நான் சொன்னது எனக்குத் தெரியாதா. அதுல ஒண்ணு விட்டுப்போயிருக்கும் ஆத்தா. புதுசா சொல்றேன், வச்சுக்க. டிப்பர் ஓட்டுன ராசு சிரிச்சான். கண்ணாடியில பாத்தேன். பல்லு அத்தனையும் தெரிஞ்சுச்சு."

ரெஜினா என் பக்கம் திரும்பினாள். "பழசைக் கேட்டுட்டுச் சொல்லலாம்ல?"

"நாப்பது வருசத்துக்கு முன்னாடி போட்ட குழிக்கு எத்தன அடி ஆழம்னு கேளு, சொல்றேன்."

"சரி, இதை மேல வைக்கிறேன். கீழ இருக்கறது கீழயே இருக்கும்."

வைத்தாள். இனி என் சாட்சியைக் கேட்கிறவனுக்கு ராசுவின் சிரிப்பு கேட்கும். மூன்று வருடமாக நான் கண்ணை மூடினால் வருகிற முகம் அது.

ஆடி 13, திங்கள்

இந்த நாளின் பேச்சு அழிக்கப்பட்டது.

ஆடி 17, வெள்ளி

வாரப் பேச்சைக் கீழே இறக்கிவிட்டாள்.

தண்ணீர் கேட்டு ஒருவன் வந்தான். குடையும் தோல் பையும், மாட்டுத் தரகன் மாதிரி. சொம்பை வாயில் வைத்துக்கொண்டு கண்ணைப் பின்னறையில் வைத்தான். மாட்டுத் தரகன் காலில் ஷூ எதற்கு?

ஆடி 18, சனி

பெருக்குக்கு ரெஜினா எலுமிச்சைச் சோறும் தேங்காய்ச் சோறும் கிளறினாள். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி, ஆனாலும் ஆடிப் பதினெட்டை விடவில்லை. "சோத்துக்கு என்னய்யா சாமி இருக்கு?" என்றாள்.

திங்கட்கிழமை பேசியதை அழித்துவிடச் சொன்னேன். கிழவன் பிதற்றல், கேட்காதே என்றேன். என் முன்னாலேயே அழித்தாள். கேட்கவில்லை. நல்ல பிள்ளை.

பைத் துணியில் ஈரம் கண்டது. புழுக்கத்தில் அப்படித்தான் வியர்க்கும். துடைத்துவிட்டு மாட்டினேன்.

ஆடி 20, திங்கள்

இன்று பெட்டி செத்துப் பிழைத்தது.

கடைசிச் சோதனை என்றாள். மேல் அடுக்கை நிரப்பி, பத்து வேலையை ஒன்றாக ஏவிவிட்டு, நடுவில் கரண்டைப் பிடுங்கினாள். திரும்ப எழுந்தபோது ரெஜினா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். மேல் அடுக்கு முழுக்கப் போய்விட்டது. எழுதிய பெயர்கள் இல்லை, எடுத்த காற்றுச் சத்தம் திரும்ப வந்துவிட்டது, ஒட்டிய கறுப்புச் சீட்டுகள் எல்லாம் உதிர்ந்துவிட்டன.

"கீழ?"

"இருங்க பாக்குறேன்." ஒவ்வொன்றாகப் போட்டாள். கருப்பாயி பேசினாள். கோழி கத்தியது. சூசை இருமிவிட்டுப் பேசினான். ஒன்றும் போகவில்லை.

அப்புறம் என்னைப் போட்டாள். மேலே வைத்த சிரிப்பு போயிருந்தது. மூன்று வருடத்துக்கு முந்தைய நான் பேசினேன். மகளை எரித்து நாலு நாள் ஆகியிருந்த குரல்.

"ராசுப்பய ஓட்ட மாட்டேன்னு அழுவுறான். கண்ணாடியில தெரியுது, வாயத் தொறந்துக்கிட்டு அழுவுறான். முதலாளி கதவத் தொறந்து அவன் கழுத்துல கடப்பாரை நுனிய வச்சு அமுக்குறான். பல்லு அத்தனையும் தெரிய அழுதுக்கிட்டேதான் ஏத்துனான்."

இன்னொரு தரம் போடச் சொன்னேன். அதையே சொன்னது.

அது என் குரல்தான். கோழியை மறக்காத நான் எப்போது இதை மாற்றினேன் என்று எனக்குத் தெரியவில்லை. யாரும் வந்து மாற்றவில்லை. அழுதாலும் ஏற்றினான், அவன் கைதான் ஸ்டியரிங்கில் இருந்தது. தெருவில் போய் மூன்று பீடி பிடித்தேன். திரும்பி வந்தபோது ரெஜினா காதில் மாட்டுவதை மாட்டிக்கொண்டு வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கழற்றினாள். முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

"பெட்டி போனதுக்கு ஏன் ஆத்தா இப்படி இருக்க?"

"ஒண்ணுமில்லய்யா. சாப்பிடுங்க."

ஆடி 13, திங்கள் (திரும்பி வந்தது)

பையில் இருப்பது வெற்றிலை இல்லை. வேலையை விட்டபோது எடுத்து வைத்த வெடித் தோட்டா நாலு. வெடிக்க வைக்க என்ன வேண்டுமோ அதுவும் இருக்கிறது. ரெஜினாவுக்குத் தலை வலிப்பது இதன் வாடையில்தான். ஆணையத்துக்கு ராசு வருவான். கிழவன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் யார் கேட்கப் போகிறார்கள். வேறு ஆள் சாகக் கூடாது, அது தொழிலுக்கு அழகில்லை. அதற்காக விசிலும் வைத்திருக்கிறேன். மூன்று தரம் ஊதுவேன், ஓடுகிறவர்கள் ஓடட்டும். முதலாளியைச் சட்டம் பார்க்கட்டும். சிரித்தவனை நான் கூட்டிப்போகிறேன். ரெஜினா அன்றைக்குத் தூரமாக உட்கார வேண்டும். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஆடி 22, புதன்

ரெஜினாவுக்குத் தலைவலி விட்டுவிட்டது. அறையிலும் வாடை இல்லை. பின்வாசல் கிணற்றில் தண்ணீர் இறைக்க வேண்டாம், குழாயில் பிடித்துக்கொள்ளலாம் என்றாள். சரி என்றேன்.

மஞ்சப்பை அதே ஆணியில்தான் தொங்குகிறது. அதை யாரும் தொட்ட மாதிரி தெரியவில்லை.

ஆடி 25, சனி

பெட்டி இல்லை. ரெஜினாவின் கைப்பேசியில் பேசுகிறேன். போன வெள்ளிக்குப் பின் பேசியதையெல்லாம் அன்றன்றே இதிலும் ஏற்றி வைத்திருந்தாளாம்.

நேற்று ஆடி வெள்ளி. தெருக்கோடி அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள், ஒலிபெருக்கி காதைப் பிளந்தது. அந்தச் சத்தத்துக்குள் கதவை உடைத்தார்கள். மூன்று பேர். ஒருவன் அன்றைக்குத் தண்ணீர் குடித்தவன். கையில் தோல் பை இல்லை, இரும்புக் குழாய் இருந்தது.

"பெட்டி எங்கடி?"

ரெஜினா வாசலில் குறுக்கே நின்றாள். குழாய் அவள் இடது கையில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் எனக்குப் பழக்கம். அவள் கத்தவில்லை. விழுந்த இடத்திலிருந்தே அவன் காலைக் கடித்தாள். இன்னொருவன் அவள் முடியைச் சுருட்டிச் சுவரில் மோதினான், ஒரு தரம், இரண்டு தரம்.

நான் ஆணிக்கு ஓடினேன். பையில் கை வைத்தேன்.

நாற்பது வருடம் தூக்கிய கை. பைக்குள் இருந்தது அது இல்லை என்று கைக்குத் தெரிந்துவிட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். அடுப்பங்கரையில் அம்மிக் குழவி கிடந்தது. தூக்கி, முடியைப் பிடித்திருந்தவன் மணிக்கட்டில் போட்டேன். கை பொம்மைக் கை மாதிரி திரும்பித் தொங்கியது. அவன் ஊளையிட்டான். குழாய்க்காரன் என் விலாவில் இரண்டு போட்டான். மூச்சு வரவில்லை, ஆனால் குழவியை விடவில்லை. அவன் முழங்கால் சில்லில் குத்தினேன். தேங்காய் உடைகிற மாதிரி உடைந்தது. விழுந்தவன் வாயிலும் ஒன்று போட்டேன். கருப்பாயி புருசனுக்கு விழுந்த அதே கணக்கு.

மூன்றாமவன் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டியைத் தரையில் அடித்து, மிதித்து, உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கிச் சாக்கில் போட்டான். இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. தரையில் பல் ஒன்று கிடந்தது. யாருடையது என்று பார்த்தேன். எங்களுடையது இல்லை.

ரெஜினா சுவரில் சாய்ந்து என் தோளையே பார்த்தாள். நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

"பைய விட்றாதீங்கய்யா" என்றாள்.

"விடல ஆத்தா."

அவள் கைக்குக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். என் விலாவுக்குக் கட்டு இல்லையாம், சிரிக்காமல் இருந்தால் போதுமாம். வக்கீல் திரவியம் வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். எல்லாம் போச்சே என்கிறார். நாங்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆடி 27, திங்கள்

பயணியர் மாளிகைக் கூடத்தில் ஆணையம் உட்கார்ந்தது. மேசைக்குப் பின்னால் வயதான நீதிபதி. ஒரு பக்கம் எங்கள் ஊர்ச் சனம், தரையிலும் பெஞ்சிலுமாக. எதிர்ப் பக்கம் முதலாளி தனபால், அவனுக்குப் பின் வரிசையில் ராசு. இளைத்துப்போயிருந்தான். வாசலில் போலீஸ்காரர் என் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன பெரியவரே, விசிலெல்லாம்?" என்றார். "பேரனுக்கு" என்றேன். எனக்குப் பேரன் இல்லை.

சாட்சிக் குரல்கள் எங்கே என்று நீதிபதி கேட்டார். திரவியம் எழுந்து திணறினார். நான் பைக்குள் கை விட்டேன். என் வேட்டியில் பத்திரமாகச் சுற்றி, செங்கல் பாதி அளவில், ரெஜினா மாற்றி வைத்த மூன்று வட்டுகள். மேசைமேல் வைத்தேன். தனபால் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தான்.

கருப்பாயி பேசினாள். விசில் கேட்டது, வெடி கேட்கவில்லை. சூசை பேசினான். அதையே சொன்னான். கூடத்தில் ஊர்ச்சனம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டது.

எதிர் வக்கீல் என்னைக் கூப்பிட்டார். சிரித்த முகம்.

"விசில் ஊதினா சனம் ஓடித் தப்பிக்கும். நீங்க என்னடான்னா லாரிக்குப் பின்னாடி போய் உக்காந்தாங்கங்கிறீங்க. பதினோரு பேரும் பைத்தியமா பெரியவரே?"

பையில் மிச்சமிருந்ததை எடுத்தேன். மூன்று தரம் ஊதினேன்.

வக்கீல்கள் நின்றபடி நின்றார்கள். போலீஸ்காரர் என்னை நோக்கி ஓடிவந்தார். ஆனால் எங்கள் ஊர்ச்சனம் முழுக்க, கிழவியும் பிள்ளையும், பெஞ்சுக்குப் பின்னால் விழுந்து குந்தியிருந்தது. இரண்டு கையும் தலைமேல். ஒருத்தர் யோசிக்கவில்லை. எதிர்ப் பக்கத்தில் ராசுவும் நாற்காலிக்குப் பின்னால் குந்தியிருந்தான், தலையைப் பிடித்துக்கொண்டு. விசில் நின்ற பிறகு எல்லோரும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அவன் எழவில்லை. வாயைத் திறந்துகொண்டு அழுதான். பல் அத்தனையும் தெரிந்தது.

நீதிபதி வெகுநேரம் ராசுவின் தலைமேல் இருந்த கைகளையே பார்த்தார். பிறகு, "டிரைவரைப் பற்றி நீங்க என்ன சொல்றீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"எனக்கு ஞாபகத்துல இருக்கறது வேறங்கய்யா" என்றேன். "அதை எழுதாதீங்க. அந்த வட்டுல நான் சொன்னதைப் போடுங்க."

போட்டார்கள். முதலாளி கடப்பாரையை வைத்து அமுக்கிய இடம் வந்தபோது ராசு தரையிலிருந்தே சட்டைக் காலரை இறக்கிக் கழுத்தைக் காட்டினான். தழும்பு இன்னும் இருக்கிறது.

ஆடி 28, செவ்வாய்

அரிசிக் கஞ்சி, தேங்காய்த் துவையல். ரெஜினாவுக்கு ஒரு கைதான், நான்தான் அரைத்தேன், அதே குழவியில். நன்றாகக் கழுவிவிட்டுத்தான்.

அந்த அடுக்கு முறையைச் செய்தவர்களுக்கு அவள் எழுதியதைப் படித்துக் காட்டினாள். மேல் அடுக்கு நிற்கவில்லை, பாரம் ஏற்றிக் கரண்டைப் பிடுங்கினால் மொத்தமாக உதிர்கிறது, கீழ் அடுக்கு அசையவில்லை, இன்னும் யாரும் இதை நம்பி வேலைக்கு எடுக்க வேண்டாம். அவ்வளவுதான். இனி சாதாரண வட்டில் மூன்று பிரதி எடுத்து மூன்று வீட்டில் வைப்பாளாம்.

"கெணத்துல போட்டத என்ன பண்ண?" என்று கேட்டேன்.

"நீங்கதான் சொல்லணும். தோட்டாவெல்லாம் வியர்த்துப்போயிருந்துச்சு, அப்படி இருந்தா தொட்டாலே வெடிக்குமாம். வாளியோட அப்படியே இறக்கிட்டேன்."

"யாரும் கெணத்துப் பக்கம் போக வேணாம். திரவியத்த விட்டு போலீசுல சொல்லச் சொல்லு. எம்பேரச் சொல்லியே சொல்லச் சொல்லு."

கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு கேட்டாள், அந்தத் திங்கட்கிழமைப் பேச்சும் வட்டில் இருக்கிறது, பிரதி எடுக்கும்முன் அழித்துவிடட்டுமா, இந்தத் தரம் நிஜமாகவே போய்விடும் என்று.

இருக்கட்டும் என்றேன்.